ஊர் பணம் கொடுத்தது, ஆர்டர் கொடுக்கவில்லை

திருப்பூரில் புதிதாகத் தையல் யூனிட் போட்டுவிட்டு வேலை கேட்டு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதலில் வரும் கேள்வி, "யார் சொல்லி வந்தீங்க?" என்பதுதான். எத்தனை மெஷின், எத்தனை டெய்லர், ஒரு ஷிப்டுக்கு எத்தனை பீஸ் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். 2018ல் நான் யூனிட் ஆரம்பித்தபோது அந்தக் கேள்வியை ஒரு பேச்சுக்குக் கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அது எவ்வளவு பெரிய கேள்வி என்று புரிவதற்குள் ஏறக்குறைய 4,20,000 ரூபாயும் பதினான்கு மாதமும் போய்விட்டன. யாராவது ஒருவர் முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அதில் முக்கால்வாசியைக் காப்பாற்றியிருப்பேன். என் கதையை நீட்டாமல், கணக்கையும் எங்கே எது தவறியது என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

நான் பேராவூரணிப் பக்கம். எங்கள் பகுதியில், கீரமங்கலம், வடகாடு வரைக்கும், ஆடி பிறந்தால் மொய் விருந்து. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள், செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், ஆளுக்கொரு மொய் நோட்டு. ஒருவர் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் வைக்கலாம். வாங்கிய மொய்யை, அவரவர் விருந்து வரும்போது, கூடக் கொஞ்சம் புது மொய் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, வட்டி கிடையாது. ஆனாலும் பணம் திரும்பி வரும். யார் யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பது ஊருக்கே தெரியும், செய்யாமல் விட்டவர் அடுத்த கல்யாணப் பந்தலில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. இவ்வளவு கெட்டியான நம்பிக்கை வலையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அந்த வலைதான் எனக்கு முதலீடு தந்தது. வந்த மொய் 7,40,000. என் பங்கு விருந்துச் செலவு 1,10,000 போகக் கையில் நின்றது 6,30,000.

பழைய மெஷினாகவே பார்த்து வாங்கினேன். ஓவர்லாக் ஆறு, ஒன்று 28,000. பிளாட்லாக் மூன்று, ஒன்று 45,000. சிங்கர் இரண்டு, ஒன்று 18,000. ஆக 3,39,000. ஷெட்டுக்கு அட்வான்ஸ் ஒரு லட்சம். ஒயரிங், டேபிள், டியூப் லைட், கரண்ட் டெபாசிட் எல்லாம் சேர்த்து 62,000. மீதி 1,29,000. அது தாராளம் என்று நினைத்தேன். எட்டு வருஷம் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவன் என்பதால் தையல் எனக்குத் தெரியும். பணம் எப்படி ஓடுகிறது என்பது தெரியாது. இரண்டும் வேறு வேறு படிப்பு.

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். பதினான்கு பேருக்கு வாரம் 40,000. வாடகை, கரண்ட், ஆயில், ஊசி, டீ எல்லாம் வார வீதத்தில் போட்டால் இன்னும் 7,500. ஆக வாரம் 47,500 வெளியே போகும். பில்லுக்கு அறுபது நாள் தவணை. அதாவது முதல் பணம் வருவதற்குள் எட்டு ஒன்பது சனிக்கிழமை தாண்ட வேண்டும், நான்கு லட்சத்துக்கு மேல் கையிருப்பு வேண்டும். என்னிடம் இருந்தது மூன்று வாரத்துக்குக்கூடப் போதாத பணம். பிறகு மற்றவர்களெல்லாம் இதே ஊரில் ஒரு லட்சத்தை வைத்துக்கொண்டு எப்படி யூனிட் நடத்துகிறார்கள்? இதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்தவர் மூலம் வந்த யூனிட்டுக்குக் கம்பெனிகள் வாரா வாரம், வெள்ளிக்கிழமை வரை தைத்த பீஸைக் கணக்குப் பார்த்து, சனிக்கிழமை மதியம் சம்பளத்துக்கு ஆகும் பணத்தைக் கொடுத்துவிடுகின்றன. மீதிதான் பில்லில் நிற்கும். தெரியாதவருக்கு முழுத் தொகையும் பில்தான். ஒரே வேலை, ஒரே ரேட். ஆனால் அறிமுகம் இருப்பவருக்கு இரண்டு வார முதல் போதும், இல்லாதவருக்கு ஒன்பது வார முதல் வேண்டும். "யார் சொல்லி வந்தீங்க" என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் அதன் மதிப்பு, என் யூனிட் கணக்கில், மூன்று லட்சம் ரூபாய்.

ஏன் இப்படி என்று யோசித்தால் இந்தத் தொழில் அமைந்திருக்கும் விதம்தான் காரணம். நூலில் தொடங்கி நிட்டிங், சாயம், காம்பேக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒரு பனியன் ஏழெட்டு ஷெட் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு ஷெட்டிலும் அடுத்தவன் சரக்கு கிடக்கிறது, ஒவ்வொரு கைமாறலும் கடனில் நடக்கிறது. நாலு லட்ச ரூபாய் துணியை நேற்று பார்த்த ஆளிடம் இறக்கிவிட்டுப் போக யாருக்கும் மனசு வராது. அதனால், தவறினால் போய்க் கேட்பதற்கு ஒரு மூன்றாவது ஆள் வேண்டும் என்று பார்க்கிறார்கள். அறிமுகம் என்பது இங்கே ஜாமீன்.

இருபது நாளாக வேலை கேட்டு அலைந்தேன். எல்லா இடத்திலும் "நம்பர் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். கடைசியில் ஒரு பார்ட்டி எதுவுமே கேட்காமல் வேலை கொடுத்தார். யார் என்றும் கேட்கவில்லை, யூனிட்டை வந்து பார்க்கவும் இல்லை. மறுநாள் காலையே கட்டிங் பீஸ், அதாவது தைப்பதற்காக வெட்டிய துணி, வந்து இறங்கிவிட்டது. ரவுண்ட் நெக், பீஸ் 11 ரூபாய். அவரை நல்ல மனிதர் என்று நினைத்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். விசாரிக்காமல் வேலை கொடுப்பவர் பெரும்பாலும், அவரை விசாரித்துத் தெரிந்துகொண்ட யூனிட்டெல்லாம் கைவிட்ட ஆள். தெரிந்தவர்கள் யாரும் அவருக்குத் தைப்பதில்லை, அதனால் தெரியாதவர்களைத் தேடி வருகிறார். புதிதாக வருகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கிற பார்ட்டியைக் கண்டு பயப்பட வேண்டாம், கேட்காத பார்ட்டியிடம்தான் நிதானம் வேண்டும்.

ஒன்பது வாரத்தில் 42,000 பீஸ் தைத்தோம். பில் 4,62,000. நடுவில் இரண்டு தடவையாக 1,50,000 வந்தது. மீதி 3,12,000 இன்றுவரை வரவில்லை. முதலில் "அடுத்த வாரம்", அப்புறம் "ஷிப்மென்ட் நிக்குது", கடைசியில் 640 பீஸ் குறைகிறது, ஆல்டர் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) அதிகம் என்று சொல்லி, பில்லில் பணத்தைப் பிடிக்கும் டெபிட் நோட். இதில் ஜிஎஸ்டி தனி அடி. பில் போட்ட மாதக் கணக்கிலேயே வரி கட்ட வேண்டும், பணம் வந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். 5 சதவீதக் கணக்கில் 23,100 நான் கட்டினேன். சம்பளம் நிற்கக் கூடாது என்று இரண்டு லட்சம் மூணு வட்டிக்கு எடுத்தேன். மாதம் 6,000, பதினான்கு மாதத்தில் 84,000.

அந்த நேரத்தில் ஊரிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தது. எங்கள் பக்கம் நாற்பது ஐம்பது வருஷத்துத் தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. எனக்கு மொய் செய்த அத்தனை பேரும் தென்னையை நம்பியவர்கள். நான் கைநீட்ட வேண்டிய அதே மாதத்தில் அவர்களுக்குக் கூரை இல்லை. முறை வருவதற்கு முன்பே மொய்யைக் கேட்டு இரண்டு மூன்று பேர் தயங்கித் தயங்கி ஃபோன் செய்தார்கள். அந்தக் குரல்கள் இன்னும் காதில் இருக்கின்றன. ஒரே ஊர், ஒரே பயிர், ஒரே வானம் என்றிருக்கும் உறவு வட்டம் எவ்வளவு அன்பானதாக இருந்தாலும், கஷ்டம் வந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் வரும். ஊர்ப் பணத்தில் தொழில் தொடங்குகிறவர்கள் அதில் பாதிக்கு மேல் மெஷினில் போடாதீர்கள். மீதியைச் சம்பளத்துக்கென்று தனிக் கணக்கில் வையுங்கள். தொழில் நடக்கும் ஊரில் வேறு ஒரு வட்டம் வேண்டும். அதை முதல் மாதத்திலிருந்தே கட்ட வேண்டும்.

அந்த வட்டம் எங்கே இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் கட்டிங் பீஸ் கொண்டுவந்து இறக்கும் டெம்போக்காரத் தம்பி. பணம் போன பிறகு ஒரு நாள் சொன்னார்: "ஏனுங்ண்ணா, அவங்களுக்குத் தச்ச மூணு யூனிட்டு ஏற்கெனவே நின்னுபோச்சுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்களே." அவர் வாரத்துக்கு ஆறு நாளும் என் ஷெட் வாசலில் நின்றவர். நான் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. யார் பணம் ஒழுங்காகத் தருகிறார்கள் என்பது சங்க அலுவலகத்தில் எழுதி வைத்திருப்பதில்லை. ஐந்து இடத்தில் இருக்கிறது: டெம்போக்காரர், மெஷின் மெக்கானிக், நூலும் ஊசியும் விற்கும் கடை, அயர்ன் காண்ட்ராக்டர், அதே பார்ட்டிக்குப் பிரிண்ட் அடிக்கும் யூனிட். இவர்கள் யாரும் நெருங்கிய உறவு இல்லை, அதனால்தான் உபயோகம். சொந்தக்காரருக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். தினம் இருபது ஷெட் ஏறி இறங்குகிறவருக்கு இருபது ஷெட்டின் நிலைமை தெரியும்.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. "நல்ல பார்ட்டியா?" என்று கேட்டால் எல்லோரும் "பரவால்லீங்க" என்றுதான் சொல்வார்கள், யாரும் பொல்லாப்பு தேட மாட்டார்கள். குறிப்பாகக் கேளுங்கள். கடைசி பில் எத்தனை நாளில் வந்தது? சனிக்கிழமை ஏதாவது தருகிறார்களா? டெபிட் நோட் போடும் பழக்கம் உண்டா? போன வருஷம் இவர்களுக்குத் தைத்த யூனிட் இந்த வருஷமும் தைக்கிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம். யூனிட்டை அடிக்கடி மாற்றும் பார்ட்டி ஒன்று ரேட்டில் கடிக்கிறார், இல்லை பணத்தில் கடிக்கிறார். மூன்று பேரிடம் கேட்டு இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம்.

அறிமுகம் இல்லாத வரைக்கும் அதன் வேலையைக் காகிதம் செய்ய வேண்டும். கட்டிங் பீஸ் வந்தவுடன் டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், அந்த 640 பீஸ் வாதத்தில் தோற்றதற்கு அதுதான் காரணம். சைஸ் வாரியாக முன்பக்கம், பின்பக்கம், கை என்று பண்டலைப் பிரித்து எண்ணுங்கள், கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியை எடை போடுங்கள். அன்றைக்கே எண்ண முடியாவிட்டால் "எண்ணிக்கைக்கு உட்பட்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். குறைவு இருந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சலானின் இரண்டு நகலிலும் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தைப்பதற்கு முன் ஒரு பீஸ் தைத்துக் காட்டி, அதில் பார்ட்டியின் கையெழுத்தும் தேதியும் வாங்கிக் கவரில் போட்டு வையுங்கள். ஆல்டர் இருந்தால் டெலிவரியிலிருந்து ஏழு நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஓர் உச்சவரம்பு. எந்த ஒரு பார்ட்டியிடமும் நிற்கும் பாக்கி இரண்டு வாரச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது, எனக்கு அது 80,000. அதைத் தொட்டதும் அடுத்த கட்டிங்கை இறக்க மாட்டேன். இதை முதலிலிருந்தே கடைப்பிடித்திருந்தால் என் நஷ்டம் 3,12,000 ஆகியிருக்காது, எண்பதாயிரத்தோடு நின்றிருக்கும். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170ன்படி, கூலி வரும்வரை நாம் வேலை செய்த சரக்கைப் பிடித்து வைக்க உரிமை உண்டு. ஆனால் சரக்கு கையை விட்டுப் போனால் அந்த உரிமையும் போய்விடும். நல்ல பார்ட்டியிடம் அதைக் காட்டினால் உறவும் போய்விடும். வரம்பு வைத்து வேலை செய்தால் சட்டம் வரை போக வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

சட்டத்தில் இன்னொன்று கட்டாயம் செய்ய வேண்டும். சிறு தொழில் என்று அரசிடம் பதிவது. அப்போது அதன் பெயர் உத்யோக் ஆதார், 2020 ஜூலையிலிருந்து உத்யம். இலவசப் பதிவு. முதல் பில் போடுவதற்கு முன்பே எடுத்துப் பில்லில் எண்ணை அச்சிடுங்கள். பிறகு எடுத்தால் பழைய பில்லுக்குச் செல்லுமா என்று வாதம் கிளம்பும். நான் எடுக்கவில்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 2006ன்படி, குறு, சிறு யூனிட்டின் பில் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியோடு தர வேண்டும். இந்தப் பாக்கிப் புகார்களை விசாரிக்கும் அரசுக் கவுன்சிலில் மனு போட்டால் அந்தப் பார்ட்டியோடு உறவு முடிந்தது என்பதும் உண்மை, அதனால் அது கடைசி வழி. அதைவிட அன்றாடம் வேலை செய்வது வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரலிலிருந்து அமலுக்கு வந்த விதி. குறு, சிறு யூனிட்டுக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் கொடுக்கும் வரை பார்ட்டி அதைச் செலவாகக் காட்ட முடியாது. அதனால் மார்ச்சில் அவர்களுடைய ஆடிட்டரே பாக்கி லிஸ்ட்டைக் கேட்கிறார். பிப்ரவரி கடைசியில் பாக்கி விவரத்தை உத்யம் எண்ணோடு மரியாதையாக ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். 180 நாள் தாண்டியும் பணம் தராவிட்டால் அந்தப் பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டையும், அதாவது தங்கள் வரியில் கழித்துக்கொண்ட தொகையையும், அவர்கள் திருப்ப வேண்டும். அதையும் ஒரு வரியில் நினைவூட்டலாம்.

மறுபடியும் எழுந்தது எப்படி என்றால், ரேட்டைக் குறைத்துக்கொண்டு. தீபாவளிக்கு முன் உள்நாட்டு ஆர்டரில் பெரிய யூனிட்களுக்கு வேலை நிரம்பி வழியும். நல்ல பெயருள்ள ஒரு யூனிட்டிடம் போய், உங்களுக்கு வருகிற ரேட்டில் ஒன்றரை ரூபாய் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை எனக்குக் கொடுத்தால் போதும், பணம் மட்டும் வாரா வாரம் வேண்டும் என்று கேட்டேன். அந்த சீசனில் 40,000 பீஸ். விட்டுக்கொடுத்தது 60,000 ரூபாய். அதை நஷ்டமாக நான் எழுதவில்லை, அறிமுகத்துக்குக் கொடுத்த விலை. சீசன் முடிந்ததும் அவர்களே என்னை நேரடியாகக் கம்பெனிக்குக் கூட்டிப் போனார்கள். புதிதாக வருகிறவர் முதல் சீசனையே இப்படி வேறொருவர் நிழலில் ஓட்டுவது நல்லது.

பெயர் வேறு எப்படியெல்லாம் சேரும்? நூல் கடையில் 3,000 ரூபாய்க்குப் பாக்கி வைத்து, கையில் பணம் இருந்தாலும் பாக்கி வைத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் பன்னிரண்டு மணிக்குள் கொடுத்துவிடுங்கள். முப்பது வாரம் தவறாமல் கொடுத்தால், உங்களைப் பற்றி யாராவது விசாரிக்கும்போது கடைக்காரர் தயங்காமல் பேசுவார். சீட்டும் இதே வேலையைச் செய்யும், பதிவு பெற்ற சீட்டாக இருந்தால் மட்டும். 25,000 வீதம் இருபது மாதம் கட்டும் ஐந்து லட்சச் சீட்டை ஆரம்பத்திலேயே ஒன்றேகால் லட்சம் தள்ளி எடுத்தால் கைக்கு வருவது மூன்றேமுக்கால் லட்சம்தான். ஏழெட்டு மாதம் தேதி தவறாமல் கட்டி, பெயர் நின்ற பிறகு எடுங்கள். டெய்லர்களிடமும் இதுதான். அவர்கள் லைன் வீடுகளில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள், ஒரு சனிக்கிழமை சம்பளம் தவறினால் திங்கட்கிழமைக்குள் தெரு முழுக்கத் தெரியும். அந்தக் கஷ்டத்திலும் சம்பளத்தை நான் நிறுத்தவில்லை. அதனால்தான் பதினான்கு பேரில் பதினொரு பேர் என்னோடு இருந்தார்கள்.

வங்கியிலும் "யாராவது ஜாமீன் உண்டா" என்று கேட்டபோது திரும்பி வந்துவிட்டேன். சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அப்போதே சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மூணு வட்டிக்குப் போயிருக்க மாட்டேன். விதியைச் சொல்லி, மாவட்டத் தொழில் மையம் மூலமாகவே விண்ணப்பியுங்கள்.

உள்ளூர் உறவு இல்லாதவர்களுக்குத் தைரியம் தரும் ஒரு விஷயம். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் பனியன் தொழிலை ஆராய்ந்து 2004ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சமூக உறவு மூலம் எளிதாக முதல் கிடைத்த உள்ளூர்க் கவுண்டர் முதலாளிகள் அதிக முதலீட்டோடு தொடங்குகிறார்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலில் தொடங்கினாலும் வேகமாக வளர்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. உறவில் வரும் பணம் உறவுக்குள்ளேயே சுற்றும், திறமை இருக்கும் இடத்துக்கெல்லாம் அது போய்ச் சேருவதில்லை. அதைப் படித்தபோது எனக்கு மனசு கொஞ்சம் லேசானது.

ஒருவர் பெயரைச் சொல்லி வேலை வாங்கினால் அந்தப் பெயர் கடனாக நம்மிடம் நிற்கிறது. வேலை முடிந்ததும், பணம் வந்ததும் அவருக்குச் சொல்லிவிட வேண்டும். தாமதமானால் பார்ட்டி அவரைக் கேட்பதற்கு முன் நாம் சொல்ல வேண்டும். ஒரே ஆளிடம் பணமும் பெயரும் சேர்த்துக் கேட்கக் கூடாது, ஒன்று தவறினால் இரண்டும் போகும். இதற்காக மொய் நோட்டு மாதிரியே தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யார் சொல்லி, யாருக்கு, என்ன நடந்தது என்று மூன்று வரி. முதல் பக்கத்தில் இருப்பது இது: "நூல் கடை அண்ணன் சொல்லி. 800 பீஸ், ஐந்தாம் நாள் டெலிவரி. பத்தொன்பதாம் நாள் பணம் வந்தது. அண்ணனுக்கு ஃபோன் பண்ணியாச்சு."